பெரட்டுக்களமும் பேரேடும்

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் தோட்டத்து மணி ஒலித்துவிடும். லயத்து வீடுகளின் அடுப்புப் புகை அடங்குமுன், ஆண்களும் பெண்களும் உளியும் வாளியும் ஏந்திப் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்பர். கிராணி விளக்கொளியில் பேரேட்டை விரித்துப் பெயர்களைப் படிப்பார். கங்காணி ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆள் நிற்கின்றாரா என்று பார்ப்பார். சற்றுத் தொலைவில் துரை நிற்பார். சிலாங்கூர் ஆற்றின் கழிமுகத்தில் அமைந்த கோல சிலாங்கூர், அதனையொட்டிய ஜெரம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, கிழக்கே உலு சிலாங்கூர் மலையடிவாரம் ஆகிய இடங்களின் தோட்டங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாள் இவ்வாறே தொடங்கிற்று.

படையணி வகுப்பைக் குறிக்கும் 'பெரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத் தமிழில் 'பெரட்டு' ஆயிற்று. சொல் படையிலிருந்து வந்தது. சொல்லோடு படையின் முறையும் வந்தது. ஆயினும், படைவீரனுக்கும் பால்மரம் வெட்டுபவருக்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. படைவீரன் அதிகாரியின் கண்முன் அணிவகுத்து நடக்கின்றான். பால்மரம் வெட்டுபவரோ பெரட்டுக் கலைந்ததும் மரங்களுக்கிடையே தனியே மறைந்துவிடுகின்றார். அடுத்த சில மணி நேரத்திற்கு அவருடைய கையும் உளியும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை எந்தத் துரையாலும் முழுமையாகக் காண இயலாது.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தனித்தனியே உழைக்கும் பல நூறு பேரை ஒரே வேலையில் இணைப்பது எப்படி? ஒழுங்காகச் செய்தவரையும் செய்யாதவரையும் பிரித்தறிவது எப்படி? மழையாலும் நோயாலும் வரும் இழப்பை யார் தலையில் ஏற்றுவது? இன்று மேலாண்மைக் கல்வியின் பாடங்களாக விளங்கும் இவ்வினாக்களுக்கு வட சிலாங்கூர்த் தோட்டங்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தம் போக்கில் விடை கண்டன. அவ்விடையின் பெயர் கங்காணி. அது வேலையை முடித்தது. ஆனால், வேலை செய்தவர்க்கு வாய் கொடுக்கவில்லை.

கண்காணி என்னும் சொல்

கங்காணி என்பது 'கண்காணி' என்பதன் மரூஉ. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் அலுவல்களை மேற்பார்ப்பவரைக் குறிக்க இச்சொல் வழங்கிற்று. திருமூலரோ எங்கும் நிறைந்து அனைத்தையும் காணும் இறைவனையே கண்காணி என்றார். இத்துணைப் பெருமையுடைய சொல் மலாயாத் தோட்டங்களில் வேறு பொருள் பூண்டது. இங்குக் கங்காணி என்பவர் காண்பவர் மட்டுமல்லர். அழைத்து வருபவர், வேலை பங்கிடுபவர், வழக்குத் தீர்ப்பவர், பல இடங்களில் கடன் கொடுப்பவருங்கூட.

சிலாங்கூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பியே முதன்மைப் பயிராக இருந்தது. பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் பெருகி விலை வீழ்ந்ததும், தோட்டக்காரர்கள் இரப்பருக்கு மாறினர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மோட்டார் வண்டித் தொழில் வளர வளர இரப்பர் விலை ஏறிற்று. காடுகள் அழிந்து கன்றுகள் எழுந்தன. பால்மரத்திற்கோ நாள்தோறும் கை வேண்டும். அக்கைகள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தன.

முதலில் வந்தவர்கள் சஞ்சிக்கூலிகள். ஒப்பந்தத்தால் கட்டுண்டு, கப்பற் செலவுக் கடனை உழைத்துத் தீர்க்கும்வரை தோட்டத்தை விட்டு நீங்க இயலாதவர்கள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தொழிலாளர் வேலை செய்த நாள்களின் கணக்கிற்கேற்பத் தோட்ட முதலாளிகள் அனைவரும் அந்நிதிக்குப் பணம் செலுத்த, அதிலிருந்து கப்பற் செலவு ஈடு செய்யப்பட்டது. 1910-இல் இந்தியாவிலிருந்து சஞ்சிக்கூலிக்கு ஆள் எடுப்பது நின்றது. அதன்பின் வந்த தொழிலாளி சட்டத்தின் பார்வையில் கடனற்றவர். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு விலகவும் உரிமையுடையவர்.

இவ்வுரிமை தோட்ட நிருவாகத்திற்குப் புதிய இடர்ப்பாட்டைத் தந்தது. கட்டிப்போட இயலாத ஆளை எவ்வாறு தக்கவைத்துக்கொள்வது? கங்காணி முறை இதற்கே விடையாயிற்று. தோட்டத்தில் உழைத்துப் பெயரெடுத்த ஒருவர் ஆளெடுக்கும் உரிமச்சீட்டுடன் தம் சொந்த ஊருக்குத் திரும்புவார். உறவினரையும் ஊராரையும் திரட்டி, நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாம் வழியாகக் கப்பலேற்றிக் கொண்டுவருவார். அவ்வாறு வந்தவர்கள் அவருடைய 'கூட்டம்'. ஊரும் உறவும் சாதியும் ஒன்றாயிருந்த அக்கூட்டத்தைப் பிணைத்தது சட்டமன்று. மாமன், மச்சான், பங்காளி என்னும் முறைகளே. ஓடிப்போக நினைப்பவர் தோட்டத்தை மட்டுமன்று, சொந்தத்தையும் முறித்துக்கொண்டு போகவேண்டும்.

தலைக்காசின் கணக்கு

கங்காணிக்கு மாதச் சம்பளத்தோடு தலைக்காசும் உண்டு. அவருடைய கூட்டத்தில் அன்றன்று வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் சிறு தொகை கணக்கிடப்பட்டு அவருக்குச் சேரும். பத்துப் பேர் குறைந்தால் அவர் வருவாயும் அதற்கேற்பக் குறையும். ஆள்களைக் களத்திற்கு வரச்செய்யும் கவலை இவ்வாறு துரையின் தோளிலிருந்து கங்காணியின் தோளுக்கு மாறிற்று. நிருவாகத்தின் கோணத்தில் இது திறமையான ஏற்பாடே.

ஆனால், ஒன்றை அளந்து அதற்குக் காசு கொடுத்தால் அந்த ஒன்றே பெருகும் என்பது எல்லாத் தொழிற்களங்களிலும் காணப்படும் உண்மை. தலைக்காசு தலையை அளந்தது. வேலையின் செம்மையை அளக்கவில்லை, உழைப்பவரின் உடல்நலத்தையும் அளக்கவில்லை. காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பிக் களத்தில் நிறுத்தும் தூண்டுதல் அம்முறைக்குள்ளேயே இருந்தது. மேலும், ஊரிலிருந்து அழைத்து வந்தவரே வேலையை மேற்பார்த்தார். அவரே அவசரத்திற்குக் கடனும் கொடுத்தார். சில தோட்டங்களில் கடை வைத்திருந்தவரும் அவரே. அவர் மீது குறை கூறவேண்டுமாயின் யாரிடம் கூறுவது? துரையிடம் கூறவேண்டும். துரையை அணுகும் வழியோ கங்காணி வழியே.

கங்காணிகள் அனைவரும் கொடியவர் என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. தம் கூட்டத்தின் திருமணங்களை முன்னின்று நடத்தியோர், கோயில் கட்டியோர், துரையிடம் தம் மக்களுக்காக வாதாடியோர் அவர்களிடையே உண்டு. குறை தனி மனிதரின் குணத்தில் இல்லை, அமைப்பில் இருந்தது. நல்லவர் வாய்த்தால் தோட்டம் நன்றாயிருக்கும், தீயவர் வாய்த்தால் கேட்பாரில்லை என்னும் நிலையே ஓர் அமைப்பின் குறைபாடு. வினைக்கு உரியவனை ஆராய்ந்து தெளிந்து அவனிடம் வினையை ஒப்படைத்தலைத் 'தெரிந்து வினையாடல்' என்று வள்ளுவர் ஓர் அதிகாரமாகவே வைத்தார். தோட்டத்திலோ ஒப்படைத்தல் இருந்தது. ஆராய்தல் ஆள் தொகையோடு நின்றது.

காட்டில் ஒரு காலை

பால்மரம் வெட்டுதலின் நுட்பத்தை அறிந்தால்தான் இம்மேற்பார்வையின் குறை விளங்கும். வெயிலேறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும். வெயிலேறியதும் இலைகள் நீரை வெளியிட, பாலோட்டம் தளரும். எனவே, விடியலில் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. நிரைநிரையாக நிற்கும் சில நூறு மரங்கள் ஒருவருடைய பங்கு. ஒவ்வொரு மரத்திலும் பழைய கோட்டின் கீழ் மெல்லிய சீவல் ஒன்றை எடுக்கவேண்டும். சீவல் மேலோட்டமாக இருந்தால் பால் குறையும். ஆழமானால் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலம் புண்படும். புண்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னாளில் அவ்விடத்தில் உளி செல்லாது.

விரைவும் செம்மையும் இங்கே முரண்படுகின்றன. விரைந்து வெட்டினால் இன்றைய பால் மிகும். மரத்தின் நாளைய வாழ்வு குறையும். கங்காணி அன்றைய கணக்கைப் பார்த்தார். துரை மாதக் கணக்கைப் பார்த்தார். இலண்டனிலிருந்த நிறுவனம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தது. மரத்தின் முப்பதாண்டு வாழ்வு வெட்டுபவரின் மணிக்கட்டில் இருந்தது. அம்மணிக்கட்டின் அறிவைக் குறிக்கப் பேரேட்டில் கட்டம் இல்லை.

வெட்டி முடிந்தபின் மங்குகளிலுள்ள பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவருவர். அங்கே இன்னொரு சிக்கல் காத்திருக்கும். பாலில் நீரும் உண்டு, இரப்பரும் உண்டு. எடையை மட்டும் பார்த்தால் நீருக்கும் காசு கொடுத்ததாகும். ஆகவே, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு இரப்பர் அளவைக் கணித்தனர். கருவியின் கோட்டைப் படிப்பவர் கிராணி. படித்ததை ஏட்டில் எழுதுபவரும் அவரே. எழுத்தறியாத தொழிலாளிக்கு அந்தக் கோடு ஒரு மறைபொருள். தண்ணீர் கலந்தாய் என்று அவர் இவரை ஐயுற்றார். எடையைக் குறைத்தாய் என்று இவர் அவரை ஐயுற்றார். கருவி நேர்மையானதாக இருந்தும், அதனை இருவரும் சேர்ந்து படிக்க இயலாமையால் ஐயம் தீரவில்லை.

மழை வந்தால் நிலைமை இன்னும் கடுமை. நனைந்த பட்டையில் வெட்ட இயலாது. வடிந்துகொண்டிருக்கும் பாலையும் மழைநீர் அடித்துச் சென்றுவிடும். வானத்தின் பிழைக்கு யார் பொறுப்பு? நெடுங்காலம் அவ்விழப்பில் பெரும்பங்கு தொழிலாளியின் மீதே விழுந்தது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாள் வேலை கொடுக்கவேண்டும் என்னும் கடமையை முதலாளியின் மீது வைத்தது. இழப்பைப் பங்கிடும் நெறியைச் சட்டம் பேசவேண்டியிருந்தது. பெரட்டுக்களம் தானாக அதனைக் கற்கவில்லை.

ஏவல் தமிழ்

தமிழாசிரியர்கள் எண்ணிப்பார்க்கத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. தோட்டத்துக்குப் புதிதாக வரும் வெள்ளைத் துரைமார்கள் தமிழ் கற்கவேண்டும் என்னும் வழக்கம் இருந்தது. அவர்கள் கற்ற தமிழ் பெரும்பாலும் களத்துத் தமிழ்: வா, போ, வெட்டு, கொண்டுவா, ஏன் வரவில்லை என்பன போன்றவை. இலக்கணம் கூறும் ஏவல் வினையும் அதட்டும் வினாவும் அதில் நிறைந்திருந்தன. வேண்டுகோளுக்கும் விளக்கத்திற்கும் உரிய தமிழ் அவர்களுள் பலருக்குத் தேவைப்படவில்லை; அவ்விடத்தைக் கங்காணி நிரப்பினார். ஒரு தொழிற்களத்தில் மேலிருப்பவருக்கு ஏவல் மட்டும் தெரிந்து, கீழிருப்பவருக்கு விடை கூறும் வாயில் அடைபட்டிருந்தால், இடையில் நிற்பவரே இருவருக்கும் உலகமாகிவிடுகின்றார்.

கிராணிகளுள் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் மிகுதி. ஆங்கிலக் கல்வி அவர்களுக்கு அலுவலகத்தைத் திறந்துவிட்டது. லயத்து மக்களுக்கோ அக்கதவு மூடியிருந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி நடத்தப்படவேண்டும் என்று விதித்தது. ஆயினும், தொடக்க காலப் பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோ எழுதப்படிக்கத் தெரிந்த தொழிலாளியோதான் ஆசிரியர். பேரேடு எழுதிய கையே அரிச்சுவடியும் கற்பித்தது. இவ்வாறு எளிய நிலையில் தொடங்கிய பள்ளிகளே, தந்தையால் படிக்க இயலாத பேரேட்டைப் பிள்ளை படிக்கும் நாளைக் கொண்டுவந்தன.

மௌனம் உடைந்த ஆண்டு

1936-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, 1937-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். 1938 ஜூனில் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் தொழிலாளர் மலாயா வருவதைத் தடைசெய்தது. ஆளெடுக்கும் கங்காணியின் காலம் அத்துடன் முடிந்தது. வேலை வாங்கும் கங்காணியோ தொடர்ந்தார்.

1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சார்ந்த ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். தொழிலாளர் வைத்த கோரிக்கைகள் ஊன்றிப் படிக்கத்தக்கவை. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி அவற்றுள் ஒன்று. ஏனையவற்றுள் பல கூலியைப் பற்றியனவே அல்ல. கொடுமை செய்யும் அலுவலரை நீக்கித் தமிழறிந்தவரை அமர்த்துதல், பெண்களுக்குத் தொல்லை நேராமல் காத்தல், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, முறையான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல், பேசவும் கூடவும் உரிமை, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை, துரையும் அலுவலரும் எதிரே வரும்போது மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டிய கட்டாயத்தை ஒழித்தல் ஆகியவை அவை.

மிதிவண்டியில் அமர்ந்தபடியே செல்லும் உரிமைக்காக மனிதர் வேலையை நிறுத்தினர் என்பது, காசு மட்டுமே ஊக்கம் என்று எண்ணுவோர்க்கு விளங்காது. அலுவலர் பற்றிய கோரிக்கையோ நேராக மேற்பார்வை முறையையே குறித்தது. தம்மைக் கண்காணிப்பவர் தம் சொல்லைக் கேட்டறிந்து பேசக்கூடியவராக இருக்கவேண்டும் என்பதே அதன் சாரம். அம்மே மாதம் நாதன் சிறைப்படுத்தப்பட்டார், கிளர்ச்சி மேலும் ஓங்கிற்று, படை அழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாதன் நாடுகடத்தப்பட்டார். வரிசையில் நிறுத்தி எண்ணப்பட்டவர்கள் முதன்முறையாக எதிர்நின்று பேசியபோது, நிருவாகத்திடம் இருந்த விடை துப்பாக்கி ஒன்றே.

அடுத்து வந்த சப்பானியர் ஆட்சியில் பேரேட்டின் கொடிய முகம் தெரிந்தது. சயாம் மரண இரயில் பாதைக்கு ஆள் திரட்டப்பட்டபோது, தோட்டங்கள் ஆள்தொகை கொடுக்கப் பணிக்கப்பட்டன. எந்த லயத்தில் எத்தனை ஆண்கள் என்பதை முன்பே அறிந்திருந்தது பேரேடு. போனவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. வேலைக்காகத் தொகுத்த கணக்கு வேறு கைக்குச் சென்றால் எதற்குப் பயன்படும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

போருக்குப்பின் தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1954-இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று, பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளர் ஆனார். கூலியும் பங்கும் இனி ஒப்பந்த மேசையில் பேசப்படும் பொருள்களாயின. துரையை அணுகக் கங்காணியைத் தவிர வேறு வழியொன்று பிறந்தது. அதுவே அச்சங்கத்தின் முதற்பெரும் பயன் எனலாம்.

தென்னமரத்தில் முளைத்த செம்பனை

பத்தாங் பெர்ஜுந்தையில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரில், தென்னமரம் என்னும் தோட்டம் உண்டு. தமிழ்ப் பெயர் தாங்கிய அத்தோட்டத்தில்தான் 1917-இல் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனை நடவு நிகழ்ந்தது. நட்டவர் ஆன்றி ஃபோகோன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1905-இல் மலாயா வந்த அவர், மலாய் மண்ணைப் பற்றி எழுதிய புதினத்திற்காக 1930-இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றார். தோல்வியுற்ற காப்பிக்கு மாற்றாக அங்கு நடப்பட்ட செம்பனை, 1960-களுக்குப் பின் வட சிலாங்கூரின் இரப்பர்க் காடுகளையும் வென்றது.

பயிர் மாறியதும் குழுவின் அமைப்பும் மாறவேண்டியதாயிற்று. பால்மரம் வெட்டுபவர் தனியாள். செம்பனை அறுவடையோ கூட்டு வேலை. ஒருவர் குலையை வெட்டித் தள்ள, மற்றவர் சுமக்க, உதிரிப் பழங்களைப் பொறுக்குவோர் பின்னே வருவர். கணவர் வெட்ட, மனைவியும் சில வேளைகளில் பிள்ளைகளும் பொறுக்கினர்; ஏட்டிலோ பெரும்பாலும் ஒரு பெயரே ஏறிற்று. இரப்பரில் ஒரு நாள் தவறினால் ஒரு நாள் பால் போகும். செம்பனையில் வெட்டிய குலை உடனே ஆலை சேராவிடில் எண்ணெயில் அமிலம் மிகுந்து தரம் கெடும். காய்க்குலையை வெட்டினால் எண்ணெய் குறைவு. பழுக்க விட்டுக் காத்திருந்தால் உதிரி மிகுதி. வெட்டுபவர், வண்டியோட்டி, ஆலைக்காரர் மூவரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணி தளர்ந்தால் மற்ற இருவரும் காத்திருக்கவேண்டும்.

இத்தகைய வேலைக்குத் தலையெண்ணும் மேற்பார்வை போதாது. ஒருவர்க்கொருவர் செய்தி சொல்லும் பழக்கம் வேண்டும். அதனை வளர்த்திருக்கவேண்டிய காலத்தில், 1970-கள் தொடங்கிப் பல தோட்டங்கள் குத்தகை முறையை நாடின. நிறுவனத்தின் ஏட்டில் தொழிலாளியின் பெயர் இல்லை. குத்தகையாளரின் பெயரே இருந்தது. ஆள் கொண்டுவருவதும் வேலை வாங்குவதும் கூலி கொடுப்பதும் மீண்டும் ஒருவர் கையில் சேர்ந்தன. கங்காணி முறை முன்வாசல் வழியே போய்ப் பின்வாசல் வழியே வந்தது. பின்னர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர், தமிழர் ஒரு காலத்தில் நின்ற அதே வரிசையில் நின்றனர்.

ஏட்டில் இல்லாத கட்டம்

இன்று வட சிலாங்கூரில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன, லயத்து மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று அலுவலகங்களில் குழுக்களை நடத்துகின்றனர், பலர் குழுக்களில் ஒருவராக இருக்கின்றனர். வருகைப் பதிவும் இலக்கும் அறிக்கையும் அங்கும் உண்டு. விளக்கொளிக்கு மாறாகக் கணினித் திரை ஒளிர்கின்றது.

வேலை வாங்குவதும் வேலை நடப்பதும் ஒன்றல்ல என்பதே பெரட்டுக்களத்தின் பாடம். ஆளை எண்ணலாம், அவருடைய கை அறிந்ததைக் கேட்டுத்தான் அறியவேண்டும். பேரேட்டில் பெயர் இருந்தது, நாள் இருந்தது, காசு இருந்தது. எந்த மரம் எப்படிப் பால் தரும், எந்த மேகம் பெய்யும், எந்தக் குலை நாளை உதிரும் என்னும் அறிவுக்குக் கட்டம் இல்லை. அவ்வறிவுடையோர் சிலர் இன்றும் முதுமையில் உள்ளனர். உளியைப் பிடித்த விதத்தை அவர்கள் விரல்கள் மறக்கவில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் குறிப்பேட்டுடன் தம் பாட்டியின் அருகில் அமர்ந்து, ஏவாமல் கேட்பாராயின், பேரேடு விட்டுவிட்ட அந்தக் கட்டம் நிரம்பத் தொடங்கும்.